பெயின்ட் பார்க்கக் கரையான்சாவடிக்கு

பிழைப்புக்கு நான் பல் செய்கிறேன். சிங்கப்பூரில் ஒரு பல் பட்டறை. மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். பக்கத்துப் பல்லின் நிறத்துக்குப் பொருந்துகிற மாதிரி பீங்கானில் ஒரு பல் செய்து நான் திருப்பி அனுப்புவேன். மனிதப் பல் வெள்ளை இல்லை என்பதுதான் இந்தத் தொழிலில் முதலில் தெரிந்துகொள்வது. அதற்கென்று மாதிரிப் பற்களை வரிசையாகக் குத்திவைத்த ஒரு பட்டை உண்டு. அது எப்போதும் என் பையில் இருக்கும். விமான நிலையத்தில் அதற்கு விளக்கம் சொல்லிப் பழகிவிட்டது.

மிச்ச நேரத்தில் போர்க்கப்பல் கட்டுகிறேன். மேஜைமேல் வைக்கிற அளவில், மரத்தில். பாய்மரக் கப்பல், எழுபத்து நான்கு பீரங்கி. ஆங்கிலேயக் கடற்படைக்காகப் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய கப்பல்களில் ஒன்று. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், அந்தக் கப்பலுக்கு அந்த வருஷம் பின்பக்க ஜன்னல் அப்படி இருந்ததே இல்லை என்று யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள். மாடல் கட்டுகிறவர்கள் பொதுவாக அமைதியானவர்கள். ஜன்னல் விஷயத்தில் மட்டும் அப்படி இல்லை.

இந்தக் கப்பலை நான் தனியாகக் கட்டவில்லை. எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் லிம் என்பவர் பாதிக் கப்பலுக்குச் சொந்தக்காரர். தையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். மர வேலை என்னுடையது, கயிறு வேலை முழுவதும் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊசியோடு வந்து உட்காருவார். சாயங்காலம் என் மனைவி பஜ்ஜி போடுவாள். மாவு கரைக்கும் சத்தம் கேட்டதுமே ஊசியைக் குத்திவைத்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றுகொள்வார். அவர் வீட்டில் எண்ணெய்ப் பலகாரத்துக்குத் தடை.

போன வருஷம் லிம்முக்குக் கண்ணில் கோளாறு வந்தது. பார்வையின் நடுப்பகுதி மட்டும் மெல்ல அழிகிற நோய். முதலில் நேர்கோடுகள் வளைந்தன, பிறகு நிறங்கள் வெளுக்க ஆரம்பித்தன. மருத்துவர் ஊசி போடுகிறார். நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம் என்கிறார். லிம் அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். "கயிறு என் வேலை, முடித்துவிட்டேன். பெயின்ட் உன் வேலை. எனக்கு நிறம் தெரியும்போதே முடித்துவிடு" என்றார்.

சிக்கல் என்னவென்றால், கப்பலின் பக்கவாட்டில் ஓடுகிற அந்த அகலமான பட்டைக்கு என்ன நிறம் என்று எனக்குத் தெரியவில்லை. புத்தகங்கள் மஞ்சள் என்கின்றன. மஞ்சள் அடித்தேன். லிம் பார்த்துவிட்டு, "டாக்ஸி மாதிரி இருக்கிறது" என்றார். சுரண்டிவிட்டு வேறொரு மஞ்சள் அடித்தேன். "இது வேறு கம்பெனி டாக்ஸி" என்றார். அதையும் சுரண்டினேன். பழைய கப்பல்களின் பெயின்ட்டை அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்தவர்களோ, அது நாம் நினைக்கிற மஞ்சளே இல்லை என்கிறார்கள். அந்தக் காலத்தில் காவிமண், ஈய வெள்ளை, ஆளிவிதை எண்ணெய் மூன்றையும் கப்பலிலேயே கலந்து அடித்தார்கள். கலக்கிறவன் கைக்கு வந்ததுதான் நிறம்.

அப்போதுதான் மாடல் கட்டுகிறவர்களின் இணையக் குழுவில் குமரேசன் ஒரு படம் போட்டார். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. பீரங்கி வண்டி மாடல் செய்கிறவர். படத்தில் இருந்தது பூந்தமல்லிக்குப் பக்கத்தில் கரையான்சாவடியில் அவருடைய அக்கா வீட்டு மோட்டார் ரூம் கதவு. குட்டையான, தடித்த கதவு. அவருடைய கொள்ளுத்தாத்தா பூந்தமல்லி ராணுவ முகாமுக்கு ஒப்பந்தக்காரராக இருந்தாராம். சென்னைக் கரையில் உடைத்த கப்பல் ஒன்றின் பக்கப் பலகைகளை வாங்கிக் கதவு செய்துபோட்டாராம். கதவின் மூலையில் கடற்படைச் சொத்துக்கு இடும் அம்புக்குறி செதுக்கியிருந்தது. பெயர்ந்த ஓர் இடத்தில் பெயின்ட் அடுக்குகள் தெரிந்தன. எங்கள் கப்பலும் சென்னைக் கரையில்தான் உடைபட்டது; காலமும் ஏறக்குறையப் பொருந்தியது. அதே கப்பல்தான் என்று சத்தியம் செய்ய யாரும் உயிரோடு இல்லை. ஆனால் இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் நான் பல் செய்திருக்கிறேன்.

செல்பேசிப் படத்தில் நிறத்தை நம்ப முடியாது. குமரேசனைக் கூப்பிட்டு, நேரிலேயே வருகிறேன் என்றேன். எனக்காக எந்த ஏற்பாடும் வேண்டாம் என்றும் சொன்னேன்.

"கதவப் பாக்கவா சார் அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றீங்க?"

"கதவு இல்லை சார். அதுல இருக்கிற பெயின்ட். பெயின்ட்டைப் பார்க்கத்தான் வர்றேன்."

"பெயின்ட்ட மட்டுமா?"

"மட்டும்தான்."

"சரி சார், அக்காண்ட சொல்லிட்றேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் பேச முடியாது என்று அப்போது நினைத்தேன்.

நான் தூத்துக்குடிக்காரன். சென்னையில் எனக்குத் தெரிந்தது எழும்பூர் ரயில் நிலையமும் விமான நிலையமும் மட்டும். மேற்கு ஓரத்துக்கு வந்ததில்லை. கொரட்டூரில் என் சித்தி மகன் பிரபு ஒரு அடுக்குமாடியில் இருக்கிறான். ஏதோ மென்பொருள் வேலை. ஒரு காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு காதால் என்னை வரவேற்றான். பால்கனியிலிருந்து ஏரி தெரிந்தது. சிங்கப்பூரில் இப்படித் தண்ணீர் தெரிந்தால் வாடகையைக் கூட்டிவிடுவார்கள். இங்கே கொசு வருகிறது என்று கதவைச் சாத்தியே வைத்திருந்தான்.

"கரையான்சாவடி இங்கிருந்து எவ்வளவு தூரம்டா?"

"தெரியலண்ணா. பூந்தமல்லிப் பக்கம் போனதே இல்ல." செல்பேசியைப் பார்த்தான். "பக்கம்தான். ஆனா மேப்புல ரோடு முழுக்கச் செவப்பா காட்டுது."

அவன் வாரத்துக்கு மூன்று நாள் அமெரிக்காவோடு பேசுகிறவன். அது செவப்பாகக் காட்டாது போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய் ஹார்டுவேர் கடையில் மஞ்சள் காவியும் சிவப்புக் காவியும் பொடியாகக் கேட்டேன். கடைக்காரர், "கம்ப்யூட்டர்ல எந்தக் கலர்னாலும் போட்டுத் தரேன் சார், பொடி இன்னாத்துக்கு? கோயில் செவுத்துக்கா?" என்றார்.

"கப்பலுக்கு."

அவர் அசரவில்லை. "எத்தினி சதுர அடி வரும்?"

"ஒண்ணு இருக்கும்."

இதற்குத்தான் நிமிர்ந்து என்னை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். பிறகு இரண்டு பொடியையும் பழைய தினத்தாளில் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் ஆவடிக்கு மின்ரயில். சிங்கப்பூர் ரயிலில் கதவு மூடும். இதில் மனிதர்கள்தான் கதவு. அம்பத்தூரில் ஏறிய இரண்டு வட இந்திய இளைஞர்கள் என் முதுகில் சாய்ந்துகொண்டு இந்தியில் பேசிக்கொண்டார்கள். ஒருவன், "இறங்குகிறவர்களுக்கு முதலில் வழிவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறதாம்" என்றான். மற்றவன், "அது வேறு யாருக்கோ எழுதியது" என்றான். ஆவடியில் நான் இறங்க நினைத்தேன். நினைத்ததோடு சரி. ஏறுகிற கூட்டம் என்னை எதிர்ப் பக்கக் கதவோடு ஒட்டவைத்துவிட்டது. அடுத்து இந்து காலேஜ் என்ற நிலையத்தில் இறங்கினேன். வெளியே ஓர் ஆட்டோக்காரர் நின்றிருந்தார்.

"ஆவடி போகணும்."

"ஆவடி தாண்டில்ல வந்துகிற. இன்னா சார், தூங்கிக்கினு வந்தியா?"

"இறங்க விடலை."

"நீ எறங்கணும் சார். அவன் எப்டி வுடுவான்?" என்றார். வழி முழுக்க இதையே பல விதமாக விளக்கிக்கொண்டு வந்தார். எல்லா விளக்கங்களும் சரியாகத்தான் இருந்தன.

குமரேசன் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தார். ஐம்பதை நெருங்குகிறவர், சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டவர், வீட்டில் இருக்கும்போதும். அந்தக் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி, சுவர்கள் எல்லாம் ஒரே மஞ்சள். ஆனால் ஒரு வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு கேட்டது, அடுத்த வீட்டில் தருமபுரிப் பேச்சு. குமரேசனின் மனைவி சுண்டல் கொடுத்தார். கண்ணாடி அலமாரியில் பீரங்கி வண்டி மாடல்கள் வரிசையாக நின்றன. உலகத்தின் எல்லா நாட்டு வண்டிகளும் இருந்தன. எல்லாம் ஒரே பச்சை.

"ஜெர்மன்காரன் வண்டி சாம்பல் நிறம் இல்லையா?" என்றேன்.

"ஆமா சார். ஆனா பச்ச டப்பா தெறந்துட்டா முடிக்கணும்ல?"

நாங்கள் இருவரும் ஒரே குழுவில் எப்படி இத்தனை நாள் இருந்தோம் என்று யோசித்தேன். அவர் என் பல் பட்டையைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"இதெல்லாம் யார் பல்லு சார்?"

"யாருடையதும் இல்லை. மாதிரி."

"இத்தினி மாதிரி மஞ்சளா?" என்று கேட்டுவிட்டு, தன் பற்களை நாக்கால் தடவிக்கொண்டார். எல்லாரும் செய்வதுதான். பிறகு சொன்னார்: "அக்கா ரொம்பக் குஷியா கீறாங்க சார், நீங்க வர்றீங்கன்னு. ரெண்டு நாளா ஊட்ல ஒரே வேல."

"எனக்காக எதுவும் வேண்டாம்னு சொன்னேனே."

"நான் சொன்னேன் சார். கேக்க மாட்டாங்க."

ஒட்டடை அடிப்பார்கள், இனிப்புச் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதே எழுந்து கரையான்சாவடிக்கு ஓடியிருக்க வேண்டும்.

சாயங்காலம் லிம் கூப்பிட்டார். நிறம் கிடைத்ததா என்றார். நாளைக்கு என்றேன். இன்றைக்குச் சாலை விளக்கு பச்சையா சிவப்பா என்று தெரியவில்லை, தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தால் கொஞ்சம் தெரிகிறது என்று சொன்னார். பக்கத்தில் நின்ற பெண், இவர் தன்னை முறைக்கிறார் என்று நினைத்துத் தள்ளிப்போய்விட்டாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அடுத்த நாள் மதியம் குமரேசனின் மோட்டார் சைக்கிளில் பூந்தமல்லி சாலையில் போனோம். பருத்திப்பட்டு வரைக்கும் நான் கண்ணைத் திறந்திருந்தேன். அதற்குப் பிறகு மணல் லாரிகள். கரையான்சாவடி வந்ததும் முதலில் வாசனைதான் வந்தது: பூ, டீசல், பிரியாணி. தூரத்தில் மெட்ரோ தூண்கள் நின்றன. ஒரு பேக்கரி வாசலில் டீ குடித்தோம். பக்கத்தில் தெலுங்கில் ஒரு பெண் செல்பேசியில் யாரிடமோ, "வந்துவிட்டேன், வந்துவிட்டேன், பாதி தூரம் வந்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு, உட்கார்ந்து ஒரு பப்ஸைப் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தார். சிங்கப்பூரிலும் இதே பொய்தான். பப்ஸ் மட்டும் இவ்வளவு நன்றாக இருக்காது.

வீடு பிரதான சாலைக்குப் பின்னால் இரண்டாவது தெருவில். குமரேசனின் அக்கா வசந்தா வாசலிலேயே நின்றிருந்தார். தனியார் பள்ளி ஒன்றில் அலுவலக வேலை பார்க்கிறவர், அன்று எனக்காக விடுப்பு போட்டிருந்தார். புதுப்புடவை. பன்னீர் சோடா கொடுத்தார். நான் குடித்து முடிப்பதற்குள், "வாங்க சார், வந்ததே அதுக்குத்தான்" என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

கதவு வானநீல நிறத்தில் பளபளத்தது. ஓரத்தில் மஞ்சள் கரை கட்டியிருந்தது. மேலே ஆணியில் ஒரு முழம் மல்லிகைச் சரம். கதவுக்குப் பக்கத்தில் மடித்துக் கட்டிய லுங்கியோடு ஒருவர் நின்றிருந்தார். பெயின்டர் பாபு. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"நேத்துத்தான் ரெண்டாவது கோட்டு முடிஞ்சிது" என்றார் வசந்தா. "பெயின்ட் பாக்க வெளிநாட்லேர்ந்து ஆளு வர்றாருன்னு தம்பி சொல்லுச்சி. இருந்தது அழுக்குப் புடிச்சி, அங்கங்க பேந்து, மானக்கேடா இருந்துச்சி சார். அதான் நல்ல கம்பெனி பெயின்ட்டா வாங்கியாந்து அடிக்கச் சொன்னேன்."

மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"ஆயில் எனாமல் சார்" என்றார் பாபு. "பத்து வருசத்துக்கு அசையாது."

எனக்கு அழுகை வந்தது. தின்னர் நெடி கண்ணில் படுகிறது என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தேன். வசந்தா உடனே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்து, முடிந்தவரை சாதாரணமாகக் கேட்டேன்: "பழைய பெயின்ட் அடியில கொஞ்சமாவது இருக்குமா?"

பாபுவுக்கு இது தன் வேலையைச் சந்தேகப்படுகிற கேள்வியாகப் பட்டது. "பழசு மேல நான் அடிக்கவே மாட்டேன் சார். நெருப்பு வெச்சி எரிச்சி, சொரண்டி, மிஷின் போட்டு தேச்சி, கட்டைய பாத்தப்பறம்தான் பிரைமரே. ஒரு பொட்டு வுடல. சத்தியமா."

"சுரண்டினதெல்லாம்?"

"காலீல குப்ப வண்டி வந்திச்சில்ல? அதுல போய்ட்ச்சி."

குமரேசன் அப்போதுதான் புரிந்துகொண்டார். முகம் மாறிப்போய், "அக்கா, சாரு பாக்க வந்ததே அந்தப் பழைய பெயின்ட்டத்தான்" என்றார்.

வசந்தா என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "பழசையா? பழசப் பாக்கவா யாராவது இவ்ளோ தூரம் வருவாங்க?"

லிம்மைப் பற்றிச் சொன்னேன். கயிறு, ஊசி, டாக்ஸி, கண், ஓரக்கண்ணால் பார்த்த சாலை விளக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது மல்லிகைச் சரத்தை வசந்தா கழற்றிக் கையில் வைத்திருந்தார். "பாவி நானு" என்று மெதுவாகச் சொன்னார். பாபு கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். அவருடைய வேலை உண்மையிலேயே சுத்தமாக இருந்தது. அதுதான் எல்லாருக்கும் கஷ்டமாக இருந்தது.

ஏதாவது ஒரு விரிசலில் மிச்சம் இருக்காதா என்று நான் கதவைத் தடவிக்கொண்டே வந்தேன். விரல் நீலமானது. கீழ்ப் பாதியில் ஒரு தகடு இருந்தது. உள்ளங்கை அளவு, நாலு மூலையிலும் ஆணி. அழிந்துபோன எண்கள். அதைச் சுற்றி பாபு தூரிகையால் கோடு பிடித்த மாதிரி அடித்திருந்தார். தகட்டின் மேல் ஒரு துளி நீலம் இல்லை.

"இது என்ன?"

"கவர்மென்ட்டு தகடு" என்றார் வசந்தா.

"எந்த டிபார்ட்மென்ட்?"

அது யாருக்கும் தெரியவில்லை. வீட்டு வரி என்றார் குமரேசன். தண்ணீர் வரி என்றார் வசந்தா. மலேரியாக்காரர்கள் அடித்தது என்றார் பாபு. வசந்தாவின் பாட்டி காலத்திலேயே அங்கே இருந்ததாம்.

"தகட்டை எடுத்துட்டா தேய்ச்சீங்க?" என்று பாபுவைக் கேட்டேன்.

"கவர்மென்ட்டு தகட்டயா? இன்னா சார் நீ. இத்தினி வருசமா பெயின்ட் அடிக்கிறேன், எந்த ஊட்லயும் அத தொட்டதே கெடியாது. சுத்தி அடிச்சிட்டு வந்துட்டே இருப்பேன்."

அப்படியானால் தகட்டுக்கு அடியில் பழைய கதவு அப்படியே இருக்கிறது. கழற்றலாமா என்று கேட்டேன். இதுவரை என்ன கேட்டாலும் சரி என்கிற மாதிரி நின்ற வசந்தா, முதல் தடவையாக மறுத்தார்.

"அதுல மட்டும் கை வெக்க வேணாம் சார். நாளைக்கு எவனாவது வந்து தகடு எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்வேன்? தகடு இல்லன்னா ஊடே இல்லன்னுடுவானுங்க."

இத்தனை வருஷமாக யாராவது வந்து கேட்டிருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. எங்கள் தூத்துக்குடி வீட்டு வாசல் நிலையிலும் இப்படி மூன்று தகடுகள் உண்டு. எங்கள் அப்பா வெள்ளையடிக்கும்போது அவற்றுக்கு மட்டும் காகிதம் ஒட்டி மறைப்பார். சிங்கப்பூரில் இவ்வளவு வருஷம் இருந்தும், இந்தத் தகட்டை அனுமதி இல்லாமல் கழற்ற எனக்கும் கை வராது.

குமரேசன் சட்டைப் பையிலிருந்து தொழிற்சாலை அடையாள அட்டையை எடுத்தார். நாடாவைப் பிரித்துக் கழுத்தில் மாட்டி, அட்டை நேராகத் தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டார். "நகருங்க. நானே கவர்மென்ட்டுதான். நான் எடுக்கறேன்."

"நீ சென்ட்ரலு" என்றார் வசந்தா. "இது ஸ்டேட்டு தகடா இருந்தா?"

குமரேசன் யோசித்தார். இது அவர் எதிர்பார்க்காத கோணம்.

பாபுதான் வழி சொன்னார். "ஆணி நாலயும் எடுக்க வேணாம். மேல ரெண்டு, கீழ ஒண்ணு. கீழ இன்னொண்ணு அப்டியே இருக்கட்டும். தகட்ட திருப்பிக்கலாம். அப்ப எடுத்ததா ஆவாது."

வசந்தா அதை எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தார். கடைசியில், "வெளக்கு வெக்கறதுக்குள்ள பழையபடி அடிச்சிடணும். அதே ஆணி, அதே ஓட்டை" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தகடு அசைவதைப் பார்க்க அவருக்கு மனமில்லை.

அடையாள அட்டை ஊஞ்சலாட, குமரேசன் மூன்று ஆணிகளையும் எடுத்தார். தகடு சுழன்று தொங்கியது. அதற்கு அடியில் ஒரு சதுரம், மங்கிய பச்சை. நான் பையிலிருந்து பல் வேலைக்கான சின்னக் கத்தியை எடுத்து, நடுவிலிருந்து படிப்படியாகச் சுரண்ட ஆரம்பித்தேன். பச்சைக்கு அடியில் செங்காவி, அதற்கடியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளை, பிறகு ஒரு கறுப்பு, பிறகு அழுக்கு. பக்கத்து வீட்டுக் குக்கர் மட்டும் கத்தியது. வெளிச்சம் குறைகிறதே என்று பாபு உதவியாக டியூப்லைட்டைப் போட்டார்.

"அணைச்சிடுங்க" என்றேன். "டியூப்லைட்டுல எந்த நிறமும் உண்மை பேசாது."

அழுக்குக்கு அடியில், மரத்தை ஒட்டிக் கடைசி அடுக்கு வந்தது. விரலில் எச்சிலைத் தொட்டுத் தடவினேன்; காய்ந்த பரப்பு எப்போதும் வெளுத்துத்தான் காட்டும், பல்லும் அப்படித்தான். ஈரம் பட்டதும் நிறம் எழுந்து வந்தது. மஞ்சள் இல்லை. சந்தனம் இல்லை. அடியில் ஒரு சின்னச் சிவப்பு ஓடியது, ஆனால் ரோஸ் என்று சொல்ல முடியாது. பட்டையை வைத்துப் பார்த்தேன். என்னிடம் இருந்த எந்தப் பல்லும் பக்கத்தில்கூட வரவில்லை.

வசந்தா இடுப்பில் ஒரு பாத்திரத்தை அணைத்துக்கொண்டு பஜ்ஜி மாவைக் கலக்கியபடியே வந்து எட்டிப் பார்த்தார். அவர் வீட்டுக் கதவில் நான் எச்சில் தடவுவதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

"இதுதானா சார்?"

"இதுதான்."

"நாங்க அடிச்ச ப்ளூ இதவிட நல்லாத்தான கீது."

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

நகக்கண் அளவு ஒரு செதிளை, பல் அனுப்புகிற டப்பாவில் பஞ்சு வைத்து மூடினேன். குமரேசன் தகட்டைத் திருப்பி, அதே ஆணிகளை அதே ஓட்டைகளில் அடித்தார். பாபு என் விரல் பட்ட இடங்களை மறுபடி நீலமாக்கினார். வசந்தா விளக்கு ஏற்றிவிட்டு வந்து தகட்டை ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு எங்களை உட்காரவைத்து வாழைக்காய் பஜ்ஜி போட்டார். குமரேசன் அட்டையைக் கழற்றாமலேயே சாப்பிட்டார்.

கிளம்பும்போது வசந்தா சொன்னார்: "அவருக்குக் கலர் தெரியணும்னு நான் வேண்டிக்கறேன் சார். என்னால கெட்டுப் போச்சின்னு ஆவக் கூடாது."

சிங்கப்பூர் வீட்டுக்கு வந்து கொரட்டூர்ப் பொடிகளை வெள்ளையோடும் ஆளிவிதை எண்ணெயோடும் கலந்தேன். மஞ்சள் காவி கொஞ்சம், சிவப்புக் காவி ஊசி முனையில். செதிளுக்குப் பக்கத்தில் வைத்தால் எது செதிள், எது நான் என்று தெரியாத வரைக்கும் கலந்தேன். அடித்தேன். ஆளிவிதை எண்ணெய் தன் இஷ்டத்துக்குத்தான் காயும். எவருடைய கண்ணுக்காகவும் அது அவசரப்படுவதில்லை. நடுவில் லிம் கண்ணில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டார். காய்ந்தபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். படியில் கைப்பிடியைத் தடவிக்கொண்டு வந்தார்.

கப்பலுக்கு முன்னால் உட்கார்ந்து நேராகப் பார்த்தார். தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்தார். மறுபக்கம் திருப்பிப் பார்த்தார்.

"பட்டை தெரிகிறது" என்றார். "பீரங்கி ஓட்டைகள் தெரிகின்றன. என் கயிறு தெரிகிறது. நிறம் இல்லை. சாம்பலாக இருக்கிறது."

நான் பிந்திவிட்டேன்.

"மஞ்சளா?" என்று அவர்தான் கேட்டார்.

"இல்லை."

"ரோஸா?"

"இல்லை."

"உன் பல் பட்டையில் எது?"

"எதுவும் இல்லை."

"நிறம் பார்க்க விமானம் ஏறிப் போனவனுக்கு அதைச் சொல்லத் தெரியவில்லையா?"

சமையலறையில் என் மனைவி மாவு கரைக்க ஆரம்பித்திருந்தாள். கரண்டி பாத்திரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. லிம்மின் தலை தன்னால் அந்தப் பக்கம் திரும்பியது.

"கடலை மாவு" என்றேன். "பஜ்ஜிக்குக் கரைத்தது. மிளகாய்த்தூள் போட்ட பிறகு, எண்ணெயில் விழுவதற்கு முன்னால்."

லிம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கேட்டார்: "கரைத்த உடனேயா, பாத்திரத்தின் விளிம்பில் காய்ந்த பிறகா?"

"விளிம்பில் காய்ந்தது."

அவர் மறுபடி கப்பலின் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை ஓரக்கண்ணால் இல்லை, நேராகவே பார்த்தார்.

"டாக்ஸி மாதிரி இல்லை" என்றார்.